பாறைக்குன்றுக்கு ஒருநாள் நடையும் கட்டுச்சோறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியே நிற்கும் குன்று, இயற்கை வளைவு, தூண் தூணாக எழுந்த பாறைகள், மொட்டைப்பாறை என்று எதுவானாலும் சரி, காலையில் போய் மாலைக்குள் திரும்பும் பயணத்துக்கான பதில்கள் இவை. கயிறு கட்டி ஏறும் பாறையேற்றம் இதில் சேராது.

போய்வர எவ்வளவு நேரமாகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

தூரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போய்வர 8 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர் என்றால் 1 மணி 36 நிமிடத்தோடு அரை மணி சேர்ந்து, சுமார் 2 மணி 6 நிமிடம்.

ஆனால் இது நடந்து பழகியவர் நிற்காமல் நடக்கும் நேரம். குடும்பமாகப் போனால் ஒன்றரையால் பெருக்குங்கள்; 3 மணி 10 நிமிடம் வரும். சாப்பாட்டுக்கு ஒரு மணி, படம் எடுக்கவும் மூச்சு வாங்கவும் அரை மணி. ஆக, 5 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வதே சரி. கையை ஊன்றி ஏற வேண்டிய இடங்களில் இந்தக் கணக்கும் செல்லாது. செங்குத்தான 50 மீட்டர் பாறையைக் கடக்க நான்கு பேருக்கு அரை மணிகூட ஆகலாம். விடுமுறை நாளில் குறுகலான படிகளில் வரிசையில் நிற்க நேர்ந்தால் அது தனி.

அடுத்த வேலை, கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. 6:15-க்கு இருட்டும் என்றால் 4:45-க்கு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். இறங்க ஒன்றரை மணி ஆகுமென்றால் 3:15-க்குத் திரும்பியே ஆக வேண்டும், உச்சி பத்து நிமிடத் தொலைவில் இருந்தாலும். இந்தத் 'திரும்பும் நேரத்தை' கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மேலே போனபின் பேசி முடிவு செய்யலாம் என்று விட்டால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பவர் பேச்சே எடுபடும்.

காலை எத்தனை மணிக்கு நடையைத் தொடங்கலாம்?

வெளிச்சம் வந்ததும். பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி வீசும். தலைக்கு மேலிருந்தும் காலுக்குக் கீழிருந்தும் சூடு வருவதால், நிழலில் அளந்து சொல்லும் வெப்பநிலையை விட அங்கே உடம்பு படும் பாடு அதிகம். ஆஸ்திரேலியாவின் கட்டா ட்ஜூட்டா பாறைகளுக்கிடையே உள்ள 'காற்றுப் பள்ளத்தாக்கு' நடைபாதையை, 36 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ போகும் என்று முன்னறிவிப்பு இருக்கும் நாட்களில் காலை 11 மணிக்கே மூடிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் எந்தப் பாறைக்கும் அந்த 11 மணியை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று, பனி கொட்டும் பருவத்தில் விடிந்தவுடன் மொட்டைப்பாறையில் கால் வைக்காதீர்கள். பனியின் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, பாதத்துக்குத்தான் தெரியும். கிழக்குப் பார்த்த சரிவு முதலில் காயும். மேற்குச் சரிவுக்கு இன்னும் ஓரிரண்டு மணி நேரமாகும்.

நேற்று மழை. இன்று பளிச்சென்று வெயில். போகலாமா?

எந்தக் கல் என்பதைப் பொறுத்தது.

கிரானைட் என்றால் தண்ணீர் மேலாக ஓடி வடிந்துவிடும். நல்ல வெயில் அடித்தால் வெற்றுப் பரப்பு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தெரியும் கறுப்புத் தடங்களை நம்ப வேண்டாம். அவை மழைநீர் வழக்கமாக இறங்கும் வழிகள். பாசியும் நுண்ணுயிரும் படர்ந்திருப்பதால் சுற்றிலும் காய்ந்த பிறகும் அவை வழுக்கும். சாம்பல் நிறத் திட்டுகளாக ஒட்டியிருக்கும் கல்பாசியும் அப்படித்தான்: காய்ந்திருக்கும்போது சொரசொரப்பு, நனைந்தால் மோசம்.

மணற்கல் வேறு விஷயம். அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மணல்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் களிமண்ணோ சுண்ணமோ ஈரத்தில் தளர்ந்து, கல்லின் வலுவே குறைந்துவிடும். மேற்பரப்பு காய்ந்து வெளுத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வரும். அதனால்தான் மணற்கல் பாறைகளில் ஏறுபவர்கள் மழைக்குப் பின் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை காத்திருக்கிறார்கள். பாறையின் அடியில் உள்ள மண்ணை விரலால் ஓரிரு அங்குலம் தோண்டிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் கல்லுக்குள்ளும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கற்பாதையில் நடந்து பார்த்துவிட்டு வரலாம், கையால் பிடித்து ஏறுவதெல்லாம் வேண்டாம்.

சுண்ணாம்புக்கல்லில் மழையே தேவையில்லை. பல காலமாக ஆட்கள் மிதித்து மெருகேறிய படிகள் காய்ந்திருக்கும்போதே சோப்பு போட்டுக் கழுவிய தரையாக வழுக்கும். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் தூண்கள் கடலோரத்தில் இருந்தால், அலை தொடும் கறுத்த கற்களைத் தவிர்த்து வெளிறிய கற்களில் நில்லுங்கள். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 தூண்கள் இருக்கின்றன. அலை படாத தூண்களே தாராளமாக உண்டு.

பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் இடுக்கு வழி என்றால், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது போதாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆண்டிலோப் இடுக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து 11 பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை அறிகுறி இருந்தால் அன்றைக்கு அந்த வழி வேண்டாம்.

மேலே இருக்கும்போது இடி இடித்தால்?

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க சுமார் 3 நொடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏறலாம்.

மழைக்கு ஒதுங்குவது போல ஆழமில்லாத குகையிலோ பாறைத் துருத்தலின் அடியிலோ ஒதுங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. பாறை மேல் ஓடிவரும் மின்னோட்டம் அந்த வாயில் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும், நடுவில் நிற்பவர் வழியாக. தனிமரமும் ஆகாது. இறங்க வழியே இல்லையென்றால் முகட்டை விட்டுத் தாழ்ந்த இடத்துக்கு வந்து, ஒருவருக்கொருவர் தள்ளி, பையின் மேல் குந்தி உட்காருங்கள். இதனால் ஆபத்து போய்விடாது, கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கம்பித் தடுப்பையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹாஃப் டோம் குன்றில் கடைசி 120 மீட்டருக்கு 1919-லிருந்தே இரும்புக் கம்பிவடம் உண்டு. கருமேகம் திரண்டால் அதில் கால் வைக்கவே கூடாது என்பது அங்கே பாலபாடம்.

எந்த மாதிரி ஷூ வேண்டும்?

மெல்லிய, பிடிப்புள்ள ரப்பர் அடி. மொட்டைப்பாறையில் பெரிய பெரிய பற்கள் உள்ள கனமான பூட்ஸை விட, அடிப்பரப்பு அதிகம் தொடும் சாதாரண நடை ஷூ நன்றாகப் பிடிக்கும். மண்பாதையில் இது தலைகீழ். பெரும்பாலான பயணங்களில் இரண்டும் கலந்திருக்கும் என்பதால் நடுத்தரப் பற்கள் போதும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கட்டும், கால் நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

அலமாரியில் பல வருடமாகக் கிடக்கும் நல்ல ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அடிப்பாகத்தின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன். போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் அது உள்ளுக்குள் சிதைந்து, நடக்கத் தொடங்கியதும் அடி மொத்தமும் கழன்றுவிடும். நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, விரிசல் விட்டு உதிர்ந்தாலோ அதைத் தூக்கிப் போடலாம். பாதி வழியில் கழன்றால் வலுவான துணி டேப்பைச் சுற்றி ஊர் திரும்பலாம். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒரு மீட்டர் டேப் ஒட்டி வைத்தால் தனி இடம் வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்?

இதமான வானிலையில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் முக்காலிலிருந்து ஒரு லிட்டர், ஒவ்வொருவருக்கும். 5 மணி நேரப் பயணத்துக்கு ஆளுக்கு இரண்டரை முதல் ஐந்து லிட்டர். கனம்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆனால் மொட்டைப்பாறையில் சுனை இருந்தாலும் அது தேங்கிய நீர். நம்பிப் போக முடியாது. வந்த வழியே திரும்புவதென்றால் இறங்கும்போது குடிக்க ஒரு பாட்டிலைப் பாதி வழியில் நிழலில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்பார்கள். குரங்கு இல்லாத இடமென்றால் வைக்கலாம், திரும்பும்போது மறக்காமல் எடுக்க வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பை ஈடுகட்டாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வெயில் தாக்கியவருக்கும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், "இன்னும் தண்ணி குடி" என்று மேலும் ஊற்றி நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். இடையிடையே உப்பு சேர்ந்த ஏதாவது சாப்பிடுங்கள். கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு.

பேச்சு குழறி, நடை தள்ளாடி, உடம்பு அனலாக இருந்தால் அது வெப்பவாதம். நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறியபடி உதவிக்கு அழையுங்கள். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

சாப்பாட்டை உச்சியில் வைத்துக்கொள்ளலாமா, கீழே வந்து சாப்பிடலாமா?

உச்சியில் கொறிக்கலாம், விருந்து கீழேதான். படம் எடுக்க உச்சி அழகு, சாப்பிட அது ஏற்ற இடமில்லை: நிழல் இருக்காது, காற்று தட்டைத் தூக்கும், பந்து போலச் சுருட்டிய ஒரு காகிதம்கூட விளிம்பைத் தாண்டினால் எடுக்க முடியாது. அதற்கும் மேலாக, வயிறு நிறையச் சாப்பிட்டுச் சோம்பல் தட்டிய உடம்போடு கடினமான இறக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். மேலே ஒரு கைப்பிடி கடலை, பழம், உப்பு பிஸ்கட். செங்குத்துப் பகுதியை இறங்கி முடித்தபின் மரநிழலில் முழுச் சாப்பாடு.

சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரமும், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரமும்தான் தாங்கும். முதுகுப் பையின் வெயில் பட்ட பக்கத்தில் இருந்தால் அந்தக் கெடுவை நம்பவும் முடியாது. முட்டை, இறைச்சி, பால், தயிர் சேர்ந்தவற்றைக் குளிர்ப்பையில் வையுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீரை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து, உணவுக்கு மேலேயும் கீழேயும் வைத்தால் பனிக்கட்டி தனியாக வேண்டாம், உருகியதும் குடிக்கலாம். குளிர்ப்பையை வண்டியில் விட்டுப் போவதென்றால் வண்டிக்குள் இருக்கும் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குப் பதில் காய்ந்த ரொட்டி, வறுத்த பருப்பு, தோலோடு இருக்கும் பழம் என்று கெடாத பொருளாகவே கொண்டு போவது நிம்மதி.

பழத்தோல் மக்கும்தானே என்று எறியாதீர்கள். வறண்ட பாறையில் அது மாதக்கணக்கில் கிடக்கும், விலங்குகளை மனிதர் வரும் இடத்துக்குப் பழக்கும். எல்லாம் திரும்பப் பைக்குள்.

பாறை மேல் அடுப்பு மூட்டலாமா?

கூடாது. பல இடங்களில் சட்டப்படியும் தடை. தீயின் சூட்டில் மேல்தோல் மட்டும் விரிந்து, உள்ளே குளிர்ந்தே இருப்பதால் கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கரித்தடமும் லேசில் போகாது.

வளைவுக்கு அடியில் நிழலாக இருக்கிறதே, அங்கே உட்காரலாமா?

கடந்து போகலாம், விரித்து உட்காருவது வேறு. அமெரிக்காவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற வளைவின் அடிப்பகுதியிலிருந்து பெரும் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கல் முறியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அந்த அடிவழியை அதன்பின் மூடிவிட்டார்கள். அதே பூங்காவில் 2008 ஆகஸ்ட்டில் வால் ஆர்ச் ஓர் இரவில் மொத்தமாகச் சரிந்தது. மால்டாவின் 'நீலச் சாளரம்' என்ற கடலோர வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் போனது.

உட்காரும் முன் மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே சுற்றுப்புறத்தை விட வெளிறிய, கூர்விளிம்புள்ள திட்டு தெரிந்தால் அங்கிருந்து அண்மையில் கல் விழுந்திருக்கிறது. கீழே கிடக்கும் கற்களில் பாசியோ தூசியோ படியாமல் முறிவு புத்தம் புதிதாக இருந்தாலும் அதே பொருள். கிரானைட் குன்றுகளில் வெங்காயத் தோல் போல உரியும் தட்டுகளை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக்' என்று வெறுமையாகக் கேட்டால் அதன் மேல் ஏறவும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

சரிவுப் பாறையில் கால் நடுங்குகிறது. எப்படி நடப்பது?

பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுக்கத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் எடை பாதத்தின் மேல் அழுந்தாது, பாதம் வெளியே தள்ளப்பட்டு வழுக்கும். இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே வையுங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள், அடியில் எவ்வளவு ரப்பர் தொட முடியுமோ அவ்வளவு தொடட்டும். சின்னச் சின்ன அடி. ஷூவில் மணல் ஒட்டியிருந்தால் ஏறும் முன் கால்சட்டையில் தேய்த்துவிடுங்கள். உருளும் மணல்தான் பாதி வழுக்கலுக்குக் காரணம்.

இறங்குவது ஏறுவதை விடக் கடினம், ஏனென்றால் காலை வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஏறும்போதே ஒரு விதி: இறங்க முடியாது என்று தோன்றும் இடத்தில் ஏறாதீர்கள். இலேசான சரிவில் வெளிப்பக்கம் பார்த்து, முட்டியை மடக்கி இறங்குங்கள். இன்னும் சாய்வானால் பக்கவாட்டில். கை தேவைப்படும் இடத்தில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல. பின்பக்கமாக உட்கார்ந்து சறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஆரம்பிப்பது எளிது, நிறுத்துவது உங்கள் கையில் இல்லை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஏறும் வேகத்தைக் குழந்தையிடமே விடுங்கள், விளிம்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளி விளிம்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் கையைப் பிடித்தபடிதான். படம் எடுக்கும்போது யாரும் பின்னோக்கி நகரக் கூடாது. இது பெரியவர்களுக்கே அதிகம் பொருந்தும்.

பாறையில் தேன்கூடு தெரிகிறது. என்ன செய்வது?

துருத்தலுக்கு அடியில் அரைவட்டமாகத் தொங்கும் பெரிய அடை மலைத்தேனீயுடையது. அதன் கீழ் புகை, கத்தல், கல்லெறி, டிரோன், தூக்கலான வாசனைத் திரவியம் எதுவும் ஆகாது. ஓரிரு தேனீக்கள் தலையில் மோதி மோதிப் போனால் அது எச்சரிக்கை, சத்தமில்லாமல் விலகுங்கள். கூட்டமாகத் தாக்கினால் முகத்தைத் துணியால் மூடியபடி ஓடுங்கள். கையை வீசினால் இன்னும் சேரும். தண்ணீருக்குள் குதித்தால் தலை தூக்கும் வரை மேலேயே சுற்றும். செங்குத்தான இடத்தில் இருந்தால் ஓட்டத்தில் விழுவதுதான் பெரிய ஆபத்து. தேனீயைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். கொடுக்கை எப்படியாவது உடனே சுரண்டி எடுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவ உதவி தேவை.

பாம்பு?

கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கைவிடாதீர்கள், உட்காரும் முன் பாறையடியைக் குச்சியால் தட்டுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கல் மேல் கல் அடுக்கி வைப்பதில் என்ன தவறு?

மொட்டைப்பாறையில் பாதை தெரியாது. சில இடங்களில் கற்குவியல்தான் வழிகாட்டி. விளையாட்டாக அடுக்கிய இன்னொன்று அடுத்தவரைச் செங்குத்தான விளிம்புக்குக் கொண்டு போய் விடலாம். கல்லைப் புரட்டினால் அடியில் வாழும் சிற்றுயிர்களுக்கும் வீடு போகும்.

வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் பத்து நிமிடத்துக்குள் என்றால் அங்கே திரும்புங்கள். இல்லையேல் இருக்கும் இடத்திலேயே இருங்கள். குறுக்குவழியில் கீழே இறங்கி, இறங்கவும் ஏறவும் முடியாத திட்டில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். பல நாடுகளில் 112 என்ற அவசர உதவி எண் வேலை செய்யும். விசிலில் நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி. மலைப்பகுதிகளில் இது அபாயக் குறி. வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாமலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். போன் டார்ச்சை நம்பாமல் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று தனியாக இருக்கட்டும்; இறங்கும்போது இரண்டு கையும் வேண்டும்.

அவசரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தால்?

தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். மண்ணே இல்லாத பாறையில் புதைக்க வழியில்லை. இரட்டைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.

மறுநாள் படி இறங்கவே முடியவில்லை. காயமா?

பெரும்பாலும் இல்லை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் வரும் வலி அது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டுத் தானாகக் குறையும். மெல்ல நடப்பது படுத்துக் கிடப்பதை விட நல்லது. ஒரு முட்டி மட்டும் வீங்கினாலோ, கணுக்காலில் எடை வைக்கவே முடியாவிட்டாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.